பெட்ரோலில் எத்தனால்: டேங்கை அரிப்பது எது?

தென்னேரி, வாலாஜாபாத் வட்டாரத்துச் சிறு வணிகர்கள் பலருக்கு மொபெட்தான் சரக்கு வண்டி. காஞ்சிபுரம் மொத்தக் கடையிலிருந்து அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் அதில்தான் வந்து இறங்குகின்றன. மின்வெட்டுக்கென வாங்கிய சிறு பெட்ரோல் ஜெனரேட்டர் வைத்திருப்போரும் உண்டு. "மைலேஜ் குறைந்துவிட்டது, டேங்க் துருப்பிடிக்கிறது, எல்லாம் இந்தப் புதுப் பெட்ரோலால்தான்" என்ற பேச்சு இப்போது பரவலாக இருக்கிறது. இதில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்று பார்ப்போம்.

புதுப் பெட்ரோல் என்பது என்ன?

கரும்பு, மக்காச்சோளம், நொய்யரிசி முதலியவற்றிலிருந்து வடிக்கப்படும் எரிசாராயமே எத்தனால். நம் நாட்டில் இதைப் பெட்ரோலில் 5 சதவீதம் கலப்பது 2003இல் தொடங்கியது. 2022 ஜூனில் அது 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் 'இ-20' என்ற 20 சதவீதக் கலப்பு விற்பனைக்கு வந்து, 2025இல் நாடெங்கும் பரவியது. கச்சா எண்ணெய் இறக்குமதிச் செலவைக் குறைப்பதும், விவசாயிக்குக் கூடுதல் வருமானம் கிடைக்கச் செய்வதும் அரசின் நோக்கம்.

அரிப்பு எப்படி ஏற்படுகிறது?

மழைக்காலத்தில் மூடாமல் வைத்த கல்லுப்பும் வெல்லமும் கசிவதை நாம் தினமும் பார்க்கிறோம். எத்தனாலும் அப்படித்தான். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சுத்தப் பெட்ரோலோ தண்ணீரை ஏற்காது. கலப்புப் பெட்ரோல் ஓரளவு தண்ணீரைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியே பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். இரும்பு டேங்க் துருப்பிடிப்பது அந்த அடிமட்டத்தில்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. பெட்ரோல் மின்சாரத்தைக் கடத்தாது. ஈரம் சேர்ந்த எத்தனால் கடத்தும். கார்புரேட்டரின் உடல் துத்தநாக அல்லது அலுமினியக் கலவை. அதற்குள் இருக்கும் ஜெட் பித்தளை. இரு உலோகங்கள் இத்தகைய திரவத்தில் சேர்ந்திருந்தால் ஒன்று கரையத் தொடங்கும். நம் கடையில் விற்கும் டார்ச் செல்லின் துத்தநாகக் கூடு கரைந்து ஒழுகுவதும் இதே வகைதான். நாளடைவில் எத்தனாலில் உண்டாகும் சிறிதளவு புளிப்பும் இதற்குத் துணைபோகும். புளிக்குழம்பு வைத்த பித்தளைப் பாத்திரத்தில் களிம்பு ஏறுவது நாம் அறிந்ததே.

அதற்குத்தான் நம் வீடுகளில் பாத்திரத்துக்கு ஈயம் பூசினார்கள். 1975இல் பெரிய அளவில் எத்தனால் திட்டம் தொடங்கிய பிரேசில் நாட்டிலும் இதே வழியைத்தான் கண்டார்கள். எத்தனாலில் ஓடும் கார்களின் டேங்குக்கு வெள்ளீயமும், கார்புரேட்டருக்கு நிக்கலும் பூசினார்கள். ஆகவே, ஏற்ற உலோகமும் ரப்பரும் இருந்தால் எத்தனால் பகையல்ல.

எந்த வண்டிக்குக் கவலை?

2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான வண்டிகளின் பாகங்கள் இ-20க்கு ஏற்றவை. பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பின் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டையும் மாற்ற வேண்டி வரலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் கூறியது. இ-20 போட்டால் இன்சூரன்ஸ் செல்லாது என்ற வதந்தியையும் அது மறுத்தது.

மைலேஜ் குறைவது உண்மையே. எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்பது நிதி ஆயோக் 2021இல் தந்த கணக்கு. பாதியாகக் குறைந்தது என்றால் கோளாறு வேறு. மெக்கானிக்கிடம் காட்டுவதே சரி.

தினமும் ஓடும் மொபெட்டைவிட மாதக்கணக்கில் சும்மா நிற்கும் ஜெனரேட்டருக்கே ஆபத்து அதிகம். தினசரி ஓட்டத்தில் பெட்ரோல் மாறிக்கொண்டே இருக்கும். நிற்கும் டேங்கில் ஈரம் சேர்ந்துகொண்டே இருக்கும்.

நாம் செய்ய வேண்டியவை

1. ஐப்பசி, கார்த்திகை மழையில் டேங்கைப் பாதிக்குமேல் நிரப்பி வையுங்கள். காலி இடம் குறைந்தால் ஈரக் காற்றும் குறையும்.

2. டேங்க் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

3. ஒரு மாதத்துக்கு மேல் ஓடாத ஜெனரேட்டரில் பெட்ரோலை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் மிச்சம் தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். வடிப்பதை வெட்டவெளியில், அடுப்புக்கும் விளக்குக்கும் எட்டச் செய்யுங்கள்.

4. கார்புரேட்டரைக் கழற்றும்போது உடனிருந்து பாருங்கள். வெள்ளை மாவு போன்ற படிவோ செந்துருவோ தெரிந்தால் டேங்கின் அடியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

5. எத்தனால் டேங்கில் படிந்த பழைய அழுக்கைக் கிளப்பிவிடும். ஆகவே பெட்ரோல் பில்டரைக் காலத்தில் மாற்றுங்கள்.

6. விற்பனை மிகுந்த பங்க்கிலேயே போடுங்கள். அங்கே சரக்கு தேங்காது.

பழைய சரக்கை முதலில் தள்ளு, ஈரம் படாமல் வை, அடிமூட்டையைப் புரட்டிப் பார் என்பவை கடையில் நாம் நாள்தோறும் கைக்கொள்ளும் விதிகள். பெட்ரோல் டேங்குக்கும் அவையே போதும். சில ரூபாய் ரப்பரையும் பில்டரையும் காலத்தில் மாற்றுபவருக்கு டேங்க் மாற்றும் செலவு மிச்சம்.