டிஸ்கில் இடமிருக்கு... ஃபைல் ஏறவில்லையே, ஏன்?



புராஜெக்ட் ரிப்போர்ட், திருவிழா வீடியோ, அக்கா கல்யாண ஆல்பம் என்று எல்லாவற்றையும் இன்று ஒரு வெளி ஹார்டு டிஸ்கில்தான் போட்டு வைக்கிறோம். அது கொஞ்சம் முரண்டு பிடித்தால் போதும், "டிஸ்க் போயிடுச்சுப்பா" என்று தீர்ப்பு சொல்லிவிடுகிறோம். ஆனால் பல நேரம் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று எழுதி வைக்கும் கணக்குப் புத்தகத்தில்தான் சிக்கல். அந்தக் கணக்குப் புத்தகத்தின் பெயர்தான் ஃபைல் சிஸ்டம்.

காஞ்சிபுரம் பக்கம் முசரவாக்கத்திலிருந்து படிக்க வருபவன் நான். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆளும் நான்தான். எனவே தறியை வைத்தே சொல்கிறேன். ஜக்கார்டு அட்டையில் துளை இருந்தால் கொக்கி இழையைத் தூக்கும். துளை இல்லாவிட்டால் தூக்காது. 1804-ல் பிரான்சில் ஜோசஃப் மரி ஜக்கார் கொண்டுவந்த இந்த முறை, கம்ப்யூட்டரின் 1, 0 கணக்குக்கு மூத்த அண்ணன் மாதிரி. சரி, 240 கொக்கி உள்ள பெட்டியில் 300 இழை அகலத்துக்கு ஒரே பூவைப் போட முடியுமா? முடியாது. பட்டு நூல் மூட்டை மூட்டையாக இருந்தாலும் முடியாது. எல்லை நூலில் இல்லை, பெட்டியில் இருக்கிறது!

டிஸ்கிலும் அதே கதைதான். 1996-ல் விண்டோஸ் 95-இன் திருத்திய பதிப்போடு வந்தது ஃபேட் 32. அதில் ஒரு ஃபைலின் அளவை எழுத 32 பிட் மட்டுமே ஒதுக்கினார்கள். 32 இடத்தில் 1, 0 போட்டு எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,294,967,295. அதாவது 4 ஜி.பி.-க்கு ஒரு பைட் குறைவு. அதற்கு மேல் ஒரு பைட் இருந்தாலும் அந்த ஃபைல் ஏறாது. அன்றைய ஹார்டு டிஸ்கே ஓரிரண்டு ஜி.பி.தான் என்பதால் இது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை.

எங்கள் தெருவில் சேலை டிசைன் போடும் அண்ணன் ஒருவர் 11 ஜி.பி. கல்யாண வீடியோவை ஏற்றப் பார்த்தார். டிஸ்கில் 600 ஜி.பி. காலி. ஆனாலும் "ஃபைல் மிகப் பெரியது" என்றே வந்தது. "ஃபார்மட் அடிச்சா சரியாயிடும்" என்றார் ஒரு கடைக்காரர். ஃபார்மட் அடித்தால் சரியாகும்தான். ஆனால் பத்து வருஷமாக அவர் போட்ட டிசைன் எல்லாம் அந்த டிஸ்கில் மட்டுமே இருந்தது! நல்லவேளை, முதலில் அவற்றை வேறு இடத்தில் காப்பி எடுத்துவிட்டுத்தான் மாற்றினோம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை:

1. டிஸ்க் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்டீஸ் பாருங்கள். ஃபைல் சிஸ்டம் பெயர் அங்கேயே இருக்கும்.

2. ஃபேட் 32 என்றால் மூன்று வழி உண்டு. செவன்-ஜிப் கொண்டு ஃபைலைத் துண்டு போடலாம். கன்வெர்ட் என்ற கட்டளையால், உள்ளே இருப்பதை அழிக்காமலே என்.டி.எஃப்.எஸ். ஆக்கலாம். அல்லது காப்பி எடுத்துவிட்டு எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மட் செய்யலாம். எந்த வழியானாலும் காப்பி முதலில்!

3. விண்டோசில் மட்டும் வேலை என்றால் என்.டி.எஃப்.எஸ். நல்லது. நடுவில் கரண்ட் போனாலும் பாதியில் நின்ற வேலையைச் சரிசெய்ய அதில் குறிப்பேடு உண்டு. எக்ஸ்ஃபேட்டில் அது இல்லை. ஆனால் மேக் கம்ப்யூட்டர் என்.டி.எஃப்.எஸ்.-ஐப் படிக்கும், தானாக எழுதாது. இரண்டிலும் போட வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட். பழைய டி.வி. சில இரண்டையும் ஏற்காது.

4. சின்னச் சின்ன ஃபைல்கள் நிறைய இருந்தால் எக்ஸ்ஃபேட்டில் கவனம். பெரிய டிஸ்கில் அது வழக்கமாக 128 கே.பி. கட்டங்களாக இடம் ஒதுக்கும். 3 கே.பி. ஃபைலுக்கும் முழுக் கட்டம்தான். அப்படிப் பத்தாயிரம் ஃபைல் வைத்தால் 30 எம்.பி. சரக்கு சுமார் 1.2 ஜி.பி. இடத்தை அடைத்துக்கொள்ளும்.

5. 1 டி.பி. வாங்கினால் 931 ஜி.பி. என்று காட்டுகிறதா? ஏமாற்று இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது.

6. 2 டி.பி.-க்கு மேற்பட்ட டிஸ்கில் மிச்ச இடம் தெரியவில்லையா? பழைய எம்.பி.ஆர். முறையில் பிரித்திருக்கலாம். அதிலும் 32 பிட் எல்லைதான். ஜி.பி.டி. முறைக்கு மாற்ற வேண்டும்.

7. டிஸ்கே தெரியவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள், பிறகு போர்ட்டை மாற்றுங்கள். யு.எஸ்.பி. 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் தரும், 3.0 போர்ட் 900 தரும். "டக் டக்" என்று சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். திரும்பத் திரும்ப ஓடவிட்டால் சேதம்தான் கூடும்.

8. "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்டவுடன் சரி என்று அழுத்தாதீர்கள். அது கேள்விதான், கட்டளை இல்லை.

தோழர்களே! நாளை ஒரு நெசவாளியோ, ஒரு ஸ்டூடியோக்காரரோ தன் டிஸ்கை நம்மிடம் நீட்டுவார். "நீ டிப்ளமோ படிச்ச புள்ளதானே, பாரு தம்பி" என்பார். டிஸ்க் கெட்டால் கடையில் வேறு வாங்கலாம். அதில் உள்ள உழைப்பை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆகவே எதைத் தொடும் முன்பும் இன்னொரு காப்பி எடுப்போம். கையில் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கும் முன் காரணத்தைப் பிடிப்போம்!