கோடு கொஞ்சம் விலகினால்...

புயல் செய்தி வந்தால் நம்ம வீடுகளில் முதல் கேள்வி, "எந்த ஊர்ல கரையைக் கடக்குதாம்?" என்பதுதான். நம்ம ஊர் பெயர் இல்லை என்றால் ஒரு பெருமூச்சு, அப்புறம் அவரவர் வேலை. அமெரிக்காவில் புளோரிடாவின் மேற்குக் கரையில் இருப்பவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். (அங்கே புயலுக்கு ஹரிக்கேன் என்று பெயர்.) இந்தக் கேள்வி எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்தக் கரையை வைத்தே பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், நமக்குத் தெரிந்த திரிகோணமிதிதான். கரைக்குச் செங்குத்தாக வரும் புயலின் பாதை 50 கி.மீ. விலகினால், கரையேறும் இடமும் 50 கி.மீ.தான் விலகும். ஆனால் தெற்கிலிருந்து வரும் புயல் புளோரிடாவின் மேற்குக் கரையை ஒட்டிச் சாய்வாக வருகிறது. கோணம் 20 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 50-ஐ சைன் 20-ஆல் வகுத்தால் 146. அதாவது அதே விலகல் கரையில் ஏறக்குறைய மூன்று மடங்கு! தியோடலைட்டில் ஒரு டிகிரி தப்பினால் கடைசிப் புள்ளி எங்கே போய் நிற்கும் என்று சிவில்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிட முக்கியம், புயலின் எந்தப் பக்கம் நாம் இருக்கிறோம் என்பது. பூமியின் வட பாதியில் புயல்காற்று கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். ஆகவே மேற்குக் கரையில், மையத்துக்குத் தெற்கே உள்ள ஊரில் காற்று கடலிலிருந்து தரைக்கு அடித்துத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வரும். வடக்கே உள்ள ஊரில் தரையிலிருந்து கடலுக்கு அடித்து, இருக்கிற தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

2022-ல் வந்த இயன் புயலில் இதுதான் நடந்தது. செப்டம்பர் 26 அன்று முன்னறிவிப்புக் கோடு தாம்பா நகரை ஒட்டிப் போனது. அங்கே அன்றைக்கே மக்களை வெளியேறச் சொல்லிவிட்டார்கள். தெற்கே உள்ள லீ மாவட்டத்தில் அந்த உத்தரவு 27-ஆம் தேதி காலையில்தான் வந்தது. கோடு தள்ளி இருந்ததல்லவா! 28-ஆம் தேதி பிற்பகல், தாம்பாவுக்குச் சுமார் 140 கி.மீ. தெற்கே, லீ மாவட்டத்தின் காயோ கோஸ்டா தீவில் புயல் ஏறியது. தாம்பா விரிகுடாவில் தண்ணீர் வற்றித் தரை தெரிந்தது. ஃபோர்ட் மயர்ஸ் பீச்சில் கடல் தரைக்கு மேல் 10 முதல் 15 அடி வரை ஏறியது. புளோரிடாவில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் வயதானவர்கள் நிறைய.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2004 ஆகஸ்ட் 13-ல் சார்லி புயல் ஏறியதும் இதே காயோ கோஸ்டாவில்தான். அதற்கும் கோடு தாம்பாவைத்தான் காட்டியது. கடைசி நேரத்தில் வலப்பக்கம் திரும்பிவிட்டது. இரண்டுக்கும் காற்று மணிக்கு 240 கி.மீ. ஆனால் சார்லி அளவில் சின்னப் புயல், வேகமாகவும் கடந்துபோனது. கடல் அவ்வளவு ஏறவில்லை. "சார்லியையே பார்த்தவங்க நாங்க" என்று இயன் வந்தபோது வீட்டிலேயே தங்கியவர்கள் உண்டு.

அப்படியானால் முன்னறிவிப்பு பொய்யா? அப்படிச் சொல்ல முடியாது. அமெரிக்க ஹரிக்கேன் மையம் கோட்டைச் சுற்றி ஒரு கூம்பும் வரைகிறது. முந்தைய ஐந்து ஆண்டுகளின் பிழையை வைத்துப் போடுவது அது. புயலின் மையம் மூன்றில் இரண்டு தடவை அந்தக் கூம்புக்குள் இருக்கும். அப்படியென்றால் மூன்றில் ஒரு தடவை வெளியே! அதோடு, கூம்பு சொல்வது மையத்தின் பாதையை மட்டும்தான். காற்றும் மழையும் எவ்வளவு தூரம் பரவும் என்பது அதில் கிடையாது. ஜனங்கள் பார்ப்பதோ நடுவில் இருக்கும் கோட்டை.

நம்ம கிழக்குக் கரையில் பக்கக் கணக்கு தலைகீழ். வங்கக் கடலிலிருந்து மேற்கே வரும் புயலில், மையத்துக்கு வடக்கே உள்ள ஊரில்தான் கடல் ஏறும். மழைக்கோ இந்தப் பக்கக் கணக்கு எதுவும் போதாது. 2023-ல் மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது டிசம்பர் 5-ல், ஆந்திராவின் பாபட்லா அருகே. சென்னையில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது அதற்கு முந்தைய நாள்.