மலைநாட்டில் காமிராவும் கணிப்பொறியும்

இடுக்கி மாவட்டத்துச் சாந்தன்பாறையை அடுத்த கள்ளிப்பாறைக் குன்றுகளில் 2022ஆம் ஆண்டு நீலக்குறிஞ்சி மலர்ந்தது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறையே பூக்கும் செடி இது. ஆதலால் பூவைப் படமெடுப்பதினும், எடுத்த படத்தை அடுத்த பூப்புவரை காப்பதே கடினமாகும்.

ஏலத்தோட்டங்கள் நிறைந்த இப்பகுதியில் மழைக்காலக் காற்று ஈரம் மிக்கது. ஒப்பு ஈரப்பதம் நூற்றுக்கு 60-க்கு மேல் நெடுநாள் நீடிப்பின் லென்சில் பூசணம் படரும். அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். பின்னர் எவ்வளவு துடைத்தாலும் தழும்பு நீங்காது. தோலுறை ஈரத்தை ஈர்க்குமாதலின் அதில் காமிராவை வைத்தல் தகாது. காற்றுப் புகாத பெட்டியில் சிலிகா ஜெல்லுடன் வைத்தல் வேண்டும். நிறம் மாறிய சிலிகா ஜெல்லைச் சூடேற்றி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். குளிரிலிருந்து வெப்பமான அறைக்குள் வந்தால், பையை உடனே திறவாது சிறிது நேரம் விட்டுவைக்க வேண்டும்; இன்றேல் நீர்த்துளிகள் காமிராவின்மீது படியும்.

படங்களைக் கணிப்பொறியில் ஒரு படியும், தனி வன்தட்டில் மற்றொரு படியுமாகப் பதிந்து, இரண்டையும் திறந்து சரிபார்த்த பின்னரே காமிராவின் மெமரி கார்டை அழிக்கலாம். வன்தட்டை வேறொரு கட்டடத்தில் வைப்பது நன்று. இடி மின்னலின்போது கணிப்பொறியின் மின்னிணைப்பைக் கழற்றிவிடுக. மெமரி கார்டும் பென் டிரைவும் மின்னூட்டமின்றிப் பல்லாண்டு கிடப்பின் பதிவை இழக்கக்கூடும்; வன்தட்டும் பழுதடையும். எனவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய வன்தட்டிற்குப் படியெடுத்தல் இன்றியமையாதது.

கள்ளிப்பாறையில் அடுத்த பூப்பு 2034இல் எதிர்பார்க்கப்படுகிறது. குன்றில் செடிகள் பெருகினவா, குறைந்தனவா என்பதை அன்றைய மாணாக்கர் ஒப்பிட்டறிய, இன்று காக்கப்படும் படங்களே சான்றாகும்.