கூத்துக் கட்டை அணிகள்

கூத்துக் கட்டை அணிகள் என்பவை வட தமிழ்நாட்டின் தெருக்கூத்தில் அரசர், வீரர் வேடங்களுக்கு உடலில் கட்டப்படும் மர அணிகலன்கள் ஆகும். சவ்வாது மலைக்குக் கிழக்கே போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி வட்டாரங்களிலும் காஞ்சிபுரம், விழுப்புரம் பகுதிகளிலும் இவை வழக்கில் உள்ளன. செய்யாறு அருகிலுள்ள புரிசை தெருக்கூத்துக்குப் பெயர்பெற்ற ஊர். இந்த அணிகளைக் கொண்டே இக்கலை கட்டைக்கூத்து என்றும் அழைக்கப்படுகிறது.

வகைகள்

தலையில் அணியும் கிரீடம் அல்லது சிகரேக்கு, தோள்களில் கட்டும் புஜக்கீர்த்தி, மார்பில் கட்டும் மார்பதக்கம், காதோரம் கட்டும் கன்னக்கதுப்பு ஆகியவை முதன்மையானவை. துரியோதனன், கர்ணன், இரணியன் போன்றோர் கட்டை வேடங்கள். கட்டியங்காரனுக்கும் பெண் வேடங்களுக்கும் கட்டை இல்லை.

செய்முறை

கல்யாண முருங்கை மரம் இதற்குப் பயன்படுகிறது. இம்மரம் மென்மையானது, செதுக்குவது எளிது. காய்ந்தபின் எடை மிகவும் குறைவு. விடிய விடிய ஆடியும் பாடியும் நடிக்க வேண்டிய கலைஞருக்கு இந்த எடைக் குறைவு இன்றியமையாதது. செதுக்கிய கட்டையின் மேல் வண்ணம் பூசி, கண்ணாடித் துண்டுகளும் ஜிகினாத் தாளும் ஒட்டுவர். இரவு வெளிச்சத்தில் அவை மின்னி, தொலைவில் இருப்பவருக்கும் வேடத்தை எடுத்துக்காட்டும். இம்மரத்தைப் பூச்சி எளிதில் அரிக்கும் என்பதால் அணிகளை ஈரமின்றிப் பாதுகாக்க வேண்டும்.

கட்டும் முறை

உட்பாவாடைகளையும் சேலைகளையும் அடுக்கிக் கட்டி, அவற்றின்மேல் குட்டைப் பாவாடை அணிவதால் இடுப்புக்குக் கீழே உடை விரிந்து நிற்கும். மேற்சட்டைக்கு மேல் கட்டைகள் கயிற்றால் பிணைக்கப்படும். மேலே அகன்ற தோள், கீழே விரிந்த பாவாடை என்ற அமைப்பு சாதாரண உடலையும் புராண வீரனின் உருவாக மாற்றுகிறது.

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பெண்களின் கார்செட்டும் இவ்வாறே உடலுக்கு வேறு வடிவம் தந்தது. ஆனால் அது துணிக்குள் திமிங்கிலத் தகடு அல்லது எஃகுப் பட்டை வைத்துத் தைத்து, நாடாவால் இறுக்கி இடையைச் சுருக்கியது. கூத்துக் கட்டையோ உடலை நெரிப்பதில்லை. உடலுக்கு வெளியே உருவத்தைப் பெருக்குகிறது.

குழுவின் ஒரே கட்டையை வெவ்வேறு உடல்வாகு கொண்டவர்கள் அணிய நேரும். அப்போது பொருத்தத்தைத் தீர்மானிப்பது கயிற்றின் முடிச்சே. தளர்ந்தால் கிறுகிறுவெனச் சுழலும்போது கட்டை நழுவும்; மார்பில் அளவுக்கு மீறி இறுகினால் மூச்சு குறைந்து உச்சக் குரலில் பாட முடியாது. எனவே கட்டை கட்டுதலும் நடிப்பைப் போலவே பழகிக் கற்க வேண்டிய திறனாகும்.

இன்றைய நிலை

1990இல் காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட கட்டைக்கூத்துச் சங்கம் இக்கலையின் பயிற்சிக்கும் வளர்ச்சிக்கும் பணியாற்றியுள்ளது. திரௌபதி அம்மன் திருவிழாக்களின் பாரதக் கூத்துகளில் கட்டை வேடங்கள் தொடர்ந்து இடம்பெறுகின்றன.