சில்லறைக் காசில் எடுத்த திகில் படங்கள்

ஆங்கிலக் குற்றப் படம் என்றதும் உங்களில் பலருக்குப் பெரிய மாளிகையும், பளபளக்கும் காரும், பெட்டி நிறையப் பணமும்தான் கண்முன் வரும். நான் சொல்லப்போவது அந்தப் படங்களைப் பற்றி அல்ல. 1940களிலும் 1950களின் தொடக்கத்திலும் ஹாலிவுட்டில் வேறொரு வகைப் படம் எடுத்தார்கள். ஒரு வாடகை அறை, ஒரு மலிவான சாப்பாட்டுக் கடை, மூன்று நான்கு நடிகர்கள், அவ்வளவுதான். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஓடி முடிந்துவிடும். ஆனால் பார்த்தவர் அன்றிரவு விளக்கை அணைக்கக் கொஞ்சம் தயங்குவார்.

இந்தப் படங்கள் பிறந்த காரணமே காசுதான். 1930களில் அமெரிக்காவைப் பொருளாதார மந்தம் பிடித்து ஆட்டியபோது, படக்கொட்டகைக்காரர்கள் கூட்டத்தை இழுக்க ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டினார்கள். பெரிய நட்சத்திரங்கள் நடித்தது ஒன்று. காய்கறி வாங்கும்போது கொசுறாகக் கிடைக்கும் கறிவேப்பிலை போலக் கூட வந்தது இன்னொன்று. அதற்கு ‘பி’ படம் என்று பெயர். பெரிய படத்துக்கு வசூலில் பங்கு உண்டு. ‘பி’ படத்துக்கோ இவ்வளவுதான் என்று முன்கூட்டியே பேசி முடித்த வாடகை. கூட்டம் அலைமோதினாலும் அதற்கு மேல் ஒரு காசு வராது. ஆகவே செலவைச் சுருக்கினால்தான் முதலாளிக்கு லாபம்.

இதில் ஒரு நன்மையும் விளைந்தது. குறித்த நாளில், குறித்த பணத்துக்குள் படத்தை முடித்துக் கொடுத்தால் போதும். உள்ளே என்ன இருக்கிறது என்று மேலிடம் அவ்வளவாகத் துருவிப் பார்க்கவில்லை. திறமைசாலிகள் அந்த இடைவெளியில் புகுந்துகொண்டார்கள்.

எனக்குப் பிடித்த படத்தைச் சொல்கிறேன். பெயர் ‘டீட்டூர்’, மாற்றுப்பாதை என்று பொருள். 1945-ல் பி.ஆர்.சி. என்ற சிறு நிறுவனம் வெளியிட்டது. இயக்கியவர் எட்கர் ஜி. உல்மர். பழைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் பிறந்து அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்தவர். பெரிய நிறுவனத்து முதலாளியின் உறவுக்காரர் ஒருவருடைய மனைவியைக் காதலித்து மணந்துகொண்டதால் பெரிய வாசல்கள் அவருக்கு மூடிக்கொண்டன. சின்ன வாசலே கதியாயிற்று.

கதை இதுதான். நியூயார்க்கில் இரவு விடுதியொன்றில் பியானோ வாசிக்கும் ஏழை இளைஞன் ஆல். அவன் காதலி பிழைப்புத் தேடி ஹாலிவுட்டுக்குப் போய்விடுகிறாள். அவளைத் தேடிப் போக இவன் கையில் பயணக் காசு இல்லை. சாலையோரம் நின்று கைகாட்டி, போகிற வண்டிகளில் ஏறி, ஒரு நாட்டின் கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிக்குப் புறப்படுகிறான். வசதியான ஒருவர் ஏற்றிக்கொள்கிறார். சாப்பாடும் வாங்கிக் கொடுக்கிறார். இரவில் மழை பிடிக்கிறது. காரின் மேல்மூடியைப் போட ஆல் இறங்கி, அவர் பக்கத்துக் கதவைத் திறக்கிறான். தூங்குகிறார் என்று நினைத்த மனிதர் சரிந்து விழுந்து, தலை கல்லில் மோதுகிறது. உயிர் இல்லை.

போலீசுக்குப் போகவேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் இந்தப் படத்தின் பிடி இருக்கிறது. கசங்கிய சட்டையோடு, பையில் காசில்லாமல் நிற்கிறான் ஒருவன். பக்கத்தில் பணக்காரரின் கார், பணக்காரரின் பணம், பணக்காரரின் பிணம். யார் நம்புவார்கள்? தோட்டத்தில் ஒரு பொருள் காணாமல் போனால் முதலில் எந்தப் பக்கம் பார்வை திரும்பும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆல் பிணத்தை மறைக்கிறான். செத்தவரின் உடையைப் போட்டுக்கொண்டு, அவர் பெயரில் காரை ஓட்டுகிறான். பயத்தில் எடுத்துவைத்த அந்த ஓரடிதான் அவனை விழுங்குகிறது.

மறுநாள் வழியில் ஒரு பெண்ணை ஏற்றிக்கொள்கிறான். பெயர் வீரா. செத்தவரின் காரில் ஏற்கெனவே வந்தவள் அவள். அத்துமீறிய அவர் கையைப் பிறாண்டிவிட்டு இறங்கியவள். இவன் அவரில்லை என்று அவளுக்குத் தெரியும்! அப்புறம் அவள் சொன்னபடியெல்லாம் இவன் ஆடவேண்டியதாகிறது. ஆன் சாவேஜ் என்ற நடிகை இந்த வேடத்தில் பிய்த்து உதறியிருக்கிறார். வழக்கமான வில்லியின் ஒப்பனை, மினுக்கல் ஒன்றும் கிடையாது. புழுதி படிந்த தலை, ஓயாத இருமல், உலகத்தின் மேலேயே ஒரு வெறுப்பு. கொடியவள்தான். ஆனாலும் அவளும் காசில்லாமல் சாலையில் கைகாட்டி நின்றவள் என்பதைப் படம் மறக்கவிடுவதில்லை.

முடிவில் அவளும் சாகிறாள். அதுவும் தற்செயல் என்கிறான் ஆல். கதை முழுவதையும் நமக்குச் சொல்பவன் அவனே என்பதால், இரண்டு சாவும் தற்செயல் என்பதை நம்ப மறுக்கும் விமர்சகர்கள் இருக்கிறார்கள். “நான் தள்ளவில்லை சார், அவனே விழுந்தான்” என்ற வாக்குமூலத்தை வாரம் ஒருமுறையாவது கேட்கிறவன் நான். ஆல் சில இடங்களில் தனக்கு வசதியாகச் சொல்கிறான் என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் அந்தப் பயம் பொய்யில்லை. அதை நடிக்க முடியாது.

பண முடையை இந்த இயக்குநர்கள் சமாளித்த விதம் நம் வீட்டுப் பெண்கள் மாதக் கடைசியில் குழம்பு வைக்கிற மாதிரி. நியூயார்க் வீதி வேண்டும், வீதி கட்டப் பணமில்லை. ‘டீட்டூர்’ படத்தில் காதலர்கள் நடக்கும் இடத்தைப் பனிமூட்டத்தால் நிரப்பிவிட்டார்கள். 1952-ல் வந்த ‘தி நேரோ மார்ஜின்’ ஓடும் ரயிலுக்குள் நடக்கும் கதை. ரயில் பெட்டி அரங்கை ஆட்டுவதற்குச் செலவாகும் என்று, காமிராவைக் கையில் தூக்கி ஆட்டினார் இயக்குநர் ரிச்சர்ட் ஃபிளைஷர். பின்னணி இசைக்குப் பதில் ரயில் சத்தம். விளக்கு குறைந்தால் நிழல் கூடும். அந்த நிழலையே அழகாக்கினார் ஜான் ஆல்டன் என்ற ஒளிப்பதிவாளர். சுவரில் விழும் நிழலைப் பார்த்தே யார் வருகிறார்கள் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

இன்னொரு படத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. நடிகை ஐடா லூபினோ 1953-ல் இயக்கிய ‘தி ஹிச்-ஹைக்கர்’. பெண்கள் இயக்குநர் நாற்காலியில் உட்காருவதே அபூர்வமாக இருந்த காலம் அது. மீன் பிடிக்கப் போகும் இரண்டு நண்பர்கள் வழியில் ஒருவனை ஏற்றுகிறார்கள், அவன் கொலைகாரன். அவனுக்கு ஒரு கண் மூடாது. இரவில் துப்பாக்கியோடு படுத்திருக்கிறான். தூங்குகிறானா, விழித்திருக்கிறானா? தப்பி ஓடலாமா, கூடாதா? ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நம்மை நுனி நாற்காலிக்குக் கொண்டுவந்துவிடுகிறார் அம்மையார்.

பட நிறுவனங்கள் கொட்டகைகளைத் தங்கள் பிடியில் வைத்திருந்ததை 1948-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தவறென்று தீர்ப்பளித்தது. அடுத்துத் தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்தது. கொசுறுப் படத்துக்கு அதன்பின் இடமில்லாமல் போயிற்று. யாரும் பெரிதாக மதிக்காத ‘டீட்டூர்’ படத்தை 1992-ல் அமெரிக்க அரசு பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் சேர்த்தது. பழுது நீக்கிய புதிய பிரதி 2018-ல் வெளிவந்தது. காப்புரிமை இல்லாத படம். பிள்ளைகளிடம் சொன்னால் கைத்தொலைபேசியிலேயே தேடிப் போட்டுக் கொடுப்பார்கள். ஆங்கிலம் முழுதும் புரியாவிட்டாலும் முகங்களே பாதிக் கதையைச் சொல்லிவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் வேண்டாம்.

பார்க்கும்போது, ஆல் சாலையில் கைகாட்டும் இடத்தைக் கவனியுங்கள். சில காட்சிகளில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பார். அமெரிக்காவில் ஓட்டுநருக்கு இடப்பக்கம்தான். வரைபடத்தில் மேற்கே போவதுபோல அவன் வலமிருந்து இடமாகப் போகவேண்டும் என்று படச்சுருளையே புரட்டிப் போட்டுவிட்டார்கள். அமெரிக்கர்கள் இதைப் பெரிய பிழையாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நம் ஊரில் வலப்பக்கம் உட்கார்ந்துதானே ஓட்டுகிறோம். நான் முதல் தடவை பார்த்தபோது எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.