எரிவாயுக் கிணறும் அயல் நிலத்தாரும்

எரிவாயுக் கிணறு என்பது இரு அழுத்தங்களின் மல்லுக்கட்டு. கீழிருந்து வாயு உந்துகிறது. குழாயில் நிரப்பிய கனமான திரவம் அதனை அமுக்குகிறது. திரவம் தோற்றால், கிணற்றின் தலைப்பிலுள்ள தடுப்புக் கருவி அடைக்க வேண்டும்.

அஸ்ஸாமின் தின்சுகியா மாவட்டத்துப் பாக்ஜானில், ஐந்தாம் எண் கிணற்றைப் பழுதுபார்க்கையில், அக்கருவியைக் கழற்றிய வேளையில், 2020 மே 27-இல் வாயு பீறிட்டது. உடன் வந்த எண்ணெய்த் திவலைகள் தேயிலைச் செடிகளிலும் வயல்களிலும் படிந்தன. ஜூன் 9-இல் தீப்பற்றியது. தீயணைப்போர் இருவர் மாண்டனர். கிணறு அடங்கியது நவம்பர் 15-இல்தான்!

நம் நாட்டில் மேல்மண் உழவனுக்கு. அடியிலுள்ள வாயு அரசுக்கு. வாயுவில் பங்கில்லாத அயலானுக்கு விபத்தில் மட்டும் பங்குண்டு. ஆகவே, "இன்று கிணற்றில் என்ன வேலை? தடுப்புக் கருவி இருக்கிறதா?" என்று அவன் கேட்பதை நான் வம்பென்று கருதேன். அதற்கு அவன் மொழியிலேயே விடை கூறுவது விஞ்ஞானம் பயிலும் நம் கடமையன்றோ?