வரன் தேடலும் சாதி ஆணவமும்: நெல்லை உணர்த்தும் உண்மை

2025 ஜூலை 27 அன்று, பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில், பட்டியல் சாதியைச் சேர்ந்த 27 வயது மென்பொருள் பொறியாளர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் நேசித்த பெண்ணின் சகோதரர் மீது கொலை வழக்கும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கும் பதிவாயின. விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றப்பட்டது.

பொறியியல் படிப்பு, சென்னையில் வேலை, நல்ல ஊதியம், பக்கத்து ஊர். பெண்ணைப் பெற்றவர்கள் தரகரிடம் அடுக்கும் தகுதிகள் அனைத்தும் அந்த இளைஞரிடம் இருந்தன. ஒன்றைத் தவிர. அந்த ஒன்று மற்ற எல்லாவற்றையும் செல்லாததாக்கிவிடும் என்பதே வரன் தேடலின் எழுதப்படாத விதி.

அவ்விதி இயங்கும் முறையைத் தாமிரபரணிக் கரையில் எளிதாகக் காணலாம். ஜாதகம் கைமாறும் முன்பே சாதி கேட்கப்படுகிறது; அடுத்து உட்பிரிவு. இந்த ஆற்றுப்பாசன மண்ணில் நஞ்சை நிலமே மதிப்பு. முறைப்பெண், முறைமாப்பிள்ளை உறவு அந்நிலத்தைச் சொந்தத்துக்குள்ளேயே நிறுத்துகிறது. ஆகவே பெண்ணின் விருப்பம் என்பது சொத்தும் சாதியும் வரைந்த கோட்டுக்குள் மட்டுமே அனுமதிக்கப்படுகிறது. ‘சாதி தடையில்லை’ என்னும் விளம்பரத்திலும் ‘எஸ்.சி., எஸ்.டி. தவிர’ என்று சேர்ப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

அகமணமே சாதியின் சாரம் என்று அண்ணல் அம்பேத்கர் 1916இலேயே நிறுவினார். 2011-12இல் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின்படி, நாட்டில் ஏறத்தாழ 5 விழுக்காட்டுத் திருமணங்களே சாதி கடந்தவை. இந்தக் கோட்டை நம் வீடுகளும் காக்கின்றன. பட்டியல் சாதிகளுக்கிடையிலும் மணஉறவு மறுக்கப்படுவதை நாம் மறைக்கலாகாது.

சட்டம் என்ன செய்கிறது? வயதுவந்த இருவர் மணமுடிக்கக் குடும்பத்தின் சம்மதமோ சாதியின் சம்மதமோ தேவையில்லை என்று சக்தி வாஹினி வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்கப் பணித்தது; பாதுகாப்பு இல்லம் அமைப்பதைப் பரிசீலிக்கச் சொன்னது. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தை இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு ஏற்கிறது. ஆனால் சிறப்புத் திருமணச் சட்டமோ 30 நாள் அறிவிப்பை ஒட்டச் சொல்லி, இணையரை அவர்களைத் தேடுவோர் கண்ணில் படவைக்கிறது.

பாளையங்கோட்டையில் கொல்லப்பட்டவர் மணமானவர் அல்லர். தேர்வு செய்யும் நிலையிலேயே அவர் வீழ்த்தப்பட்டார். இங்குதான் பாதுகாப்பில் இடைவெளி இருக்கிறது. ஆணவக் கொலைகளுக்கு எதிரான தனிச்சட்டம் குறித்துப் பரிந்துரைக்க, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஓர் ஆணையத்தைத் தமிழ்நாடு அரசு 2025 அக்டோபரில் அறிவித்தது. அச்சட்டம் கொலையை மட்டும் தண்டித்தால் போதாது. வீட்டுக்காவல், கைபேசிப் பறிப்பு, அவசர நிச்சயதார்த்தம், மிரட்டல் ஆகியவற்றையும் தனிக்குற்றங்களாக்க வேண்டும். முதல் மிரட்டலுக்கே முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும்.

அரிவாள் கடைசியில்தான் வருகிறது. “அவுக என்ன ஆளுக?” என்ற முதல் கேள்வியை நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டிலேயே நிறுத்தியாக வேண்டும்.